சுவருக்கு அப்பால் கேட்ட படம்

சென்ற வாரம் எங்கள் துறையில் முதுகலை மாணவர்களுக்காக ஒரு திரையிடல் நடத்தும் பொறுப்பு என்மீது விழுந்தது. குறைந்த முதலீட்டில் எடுக்கப்பட்ட திகில் படங்கள் கடந்த காலத்தை எப்படிக் கட்டியெழுப்புகின்றன என்பது பேசுபொருள். நான் தேர்ந்தெடுத்தது 1961இல் வெளியான 'தி கர்ஸ் ஆஃப் தி வேர்வுல்ஃப்'. படம் முடிந்து விளக்கைப் போட்டதும் நான் எழுந்து பதினைந்து நிமிடம் பேச வேண்டும். குறிப்புகள் கையில் இருந்தன. பேச முடியவில்லை. தொண்டை சரியில்லை என்று சொல்லி, கலந்துரையாடலை உடனாய்வாளர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு அமர்ந்துகொண்டேன். தொண்டைக்கு ஒன்றுமில்லை. அன்று அங்கிருந்த மாணவர்களில் சிலர் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்கள் என்பதால், அவர்களுக்குச் சொல்ல வேண்டிய விளக்கமாகவே இதை எழுதத் தொடங்கினேன். நீண்டுவிட்டது. பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் படத்தைப் பற்றி. பிரிட்டனின் ஹேமர் நிறுவனம், டெரன்ஸ் ஃபிஷர் இயக்கம். கை எண்டோர் 1933இல் எழுதிய நாவல் பாரிஸில் நடப்பது. படமோ பதினெட்டாம் நூற்றாண்டு ஸ்பெயினில் நடக்கிறது. இந்த இடமாற்றத்துக்குக் கலைக் காரணம் எதுவும் கிடையாது. மதச் சர்ச்சைக்கு அஞ்சிக் கைவிடப்பட்ட வேறொரு படத்துக்காக, ப்ரே என்ற ஊரிலிருந்த படப்பிடிப்புத் தளத்தில் ஸ்பானியத் தெருவும் கட்டடங்களும் ஏற்கெனவே எழுப்பப்பட்டிருந்தன. போட்ட காசு வீணாகக் கூடாது. ஆகவே ஓநாய் மனிதன் ஸ்பெயினில் பிறந்தான். மாணவர்கள் இந்தத் தகவலைக் கேட்டுச் சிரித்தார்கள். தாராவியில் பிறந்து வளர்ந்த எனக்கு இதில் சிரிக்க எதுவும் தோன்றவில்லை. கிடைத்த பலகைக்கு ஏற்றபடி வீட்டின் அளவை முடிவுசெய்வது எங்களுக்குப் பழகிய கட்டடக் கலைதான்.

படத்தில் ஓநாய் மனிதன் முழு உருவில் தோன்றுவது இறுதிப் பகுதியில் மட்டுமே. ராய் ஆஷ்டனின் ஒப்பனையோடு ஆலிவர் ரீட் வந்து நிற்பதற்குள் படத்தின் பெரும்பகுதி ஓடிவிடுகிறது. அதற்கு முன் நாம் பார்ப்பது என்ன? ஒரு பிரபுவின் திருமண விருந்து. பசியோடு உள்ளே நுழைந்துவிடும் ஒரு பிச்சைக்காரன். பிரபு அவனை நாயைப்போல் ஆட்டிவைக்கிறான், விருந்தினர் ரசிக்கின்றனர், பிறகு அவனை நிலவறையில் தள்ளிப் பூட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஆண்டுகள் செல்கின்றன. தாடியும் மயிரும் மண்டி அவன் மனித உருவை இழக்கிறான். பிரபுவின் ஆசைக்கு இணங்க மறுத்த, பேச இயலாத பணிப்பெண் ஒருத்தி அதே அறையில் அடைக்கப்படுகிறாள். அங்கே அவளுக்கு நேரும் வன்முறையில் கருவுற்று அவள் பெறும் குழந்தைதான் பின்னாளில் ஓநாயாகிறது. நிலவு, சாபம், கிறிஸ்துமஸ் நாளில் பிறந்த தோஷம் என்று படம் பல காரணங்களை அடுக்குகிறது. ஆனால் விலங்கை உருவாக்கியது நிலவறைதான் என்பதைத் திரையில் எல்லாரும் பார்த்துவிட்டோம். இறுதியில் தீப்பந்தங்களுடன் ஊரே திரண்டு அவனைத் துரத்துகிறது. சிலுவையை உருக்கிச் செய்த வெள்ளிக் குண்டால் வளர்ப்புத் தந்தையே அவனைச் சுடுகிறார். அந்தப் பிரபுவைத் துரத்தித் தீப்பந்தம் ஏந்திய கூட்டம் எதுவும் கிளம்பியதில்லை என்பதையும் குறிப்பில் எழுதி வைத்திருந்தேன்.

என்னைப் பேசவிடாமல் செய்தது இந்த இறுதிக் காட்சியின் படிமம் அன்று, அதன் ஒலி. கூட்டத்தின் இரைச்சல்.

என் முனைவர் பட்ட ஆய்வு ராம்சே சகோதரர்களின் படங்களை மும்பைத் தமிழர்கள், குறிப்பாகத் தாராவித் தமிழர்கள், எப்படிப் பார்த்தார்கள் என்பது பற்றியது. ராம்சேக்களைத் தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். கராச்சியில் வானொலிக் கடை வைத்திருந்த எஃப்.யு. ராம்சே பிரிவினைக்குப் பின் பம்பாய்க்கு வந்து திரைப்படத் தயாரிப்பில் இறங்கினார். 1970இல் வெளியான 'ஏக் நன்ஹி முன்னி லட்கி தீ' தோல்வியடைந்தது. ஆனால் பிருத்விராஜ் கபூர் கோர முகமூடி அணிந்து திருட வரும் காட்சிக்கு மட்டும் அரங்கம் உறைந்துபோனதை அவருடைய மகன்கள் கவனித்தார்கள். படம் முழுவதும் அந்தக் காட்சியாகவே இருந்தால் என்ன? 1972இல் 'தோ கஜ் ஜமீன் கே நீச்சே'. சகோதரர்கள் எழுவர், ஒருவர் ஒளிப்பதிவு, ஒருவர் ஒலி, ஒருவர் எழுத்து, ஒருவர் படத்தொகுப்பு என்று வீட்டுக்குள்ளேயே வேலையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். வெளியூர் விருந்தினர் மாளிகையில் குடும்பத்தோடு தங்கி, அங்கேயே சமைத்துச் சாப்பிட்டுப் படமெடுத்துத் திரும்பினார்கள். கூலிக்கு ஆள் வைக்க முடியாத குடும்பத் தொழில் எப்படி நடக்குமோ அப்படி. நகரத்தின் உயர்தர அரங்குகள் இவர்களைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. சிற்றூர்களும், எங்களைப் போன்ற பகுதிகளின் வீடியோ பார்லர்களும் கொண்டாடின.

அவர்களுடைய பெருவெற்றி 1984இல் வந்த 'புரானா மந்திர்'. அதன் முன்கதை இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்டது. அரசனின் பரிவாரம் செல்லும் வழியில் இளவரசி ஒரு பாழடைந்த மாளிகைக்குள் நுழைகிறாள். அங்கே சாமரி என்னும் கொடியவன். பிடித்து விசாரித்து, அவன் குற்றங்களைப் பட்டியலிட்டு வாசித்து, தலையைத் துண்டிக்கிறார்கள். தலை வேறு, உடல் வேறாகப் பாதுகாக்கப்படுகிறது. சாகுமுன் அவன் அந்தக் குலத்துப் பெண்களைச் சபிக்கிறான். சாமரியாக நடித்த அனிருத் அகர்வால் ரூர்க்கியில் படித்த பொறியாளர் என்பதைச் சொன்னால் மாணவர்கள் நம்ப மறுக்கிறார்கள். கண்டிப்பாகச் சொன்னால் அவன் ஓநாய் மனிதன் அல்லன். நம் நாட்டில் ஓநாய் மனிதனுக்கு நெருங்கிய உறவினர் என்றால் 1979இன் 'ஜானி துஷ்மன்', அல்லது மகேஷ் பட் எடுத்த 'ஜுனூன்' (1992). பின்னதில் முழுநிலவு நாளில் நாயகன் புலியாகிறான். இங்கே காட்டுக்கு அரசன் புலியல்லவா! ஆனால் வேட்டை, கூட்டம், பழங்காலம், குறைந்த காசு என்ற நான்கும் ஒன்றுசேர்ந்த படம் என்றால் எனக்கு 'புரானா மந்திர்'தான்.

அந்தப் படத்தை நான் முதன்முதலில் பார்த்தது இருபத்தெட்டு வயதில், மடிக்கணினியில். அதற்கு முன்பு பத்து வயதிலேயே பலமுறை கேட்டிருந்தேன்.

தொண்ணூறடிச் சாலையிலிருந்து உள்ளே ஒடுங்கும் சந்து ஒன்றில் எங்கள் வீடு. மும்பையில் மாலா என்று சொல்லும் மரப் பரண்தான் எனக்கும் அண்ணனுக்கும் படுக்கையறை. பரணின் பின்சுவர் உண்மையில் சுவரன்று, பலகையும் தகரமும். அதற்கு அப்பால் ஒரு வீடியோ பார்லர். ஆண்கள் மட்டுமே செல்லும் இடம்; பெண்பிள்ளைகள் வாசலில் நின்றாலே அடி விழும். குடும்பமாகப் படம் பார்ப்பதென்றால் பொங்கலுக்கோ தீபாவளிக்கோ மாட்டுங்காவின் அரோரா திரையரங்கு. அங்கே தமிழ்ப் படம் வரும். பார்லரின் இந்திப் படங்கள் எனக்கு ஒலியாக மட்டுமே கிடைத்தன. கதவு கிறீச்சிடும். காற்று ஊளையிடும். நெடுநேரம் ஒன்றுமிராது, பிறகு ஒரு பெண்ணின் அலறல். அதைத் தொடர்ந்து, படத்துக்குள்ளிருந்தா பார்லருக்குள்ளிருந்தா என்று பிரித்தறிய முடியாத ஆண்களின் கூச்சல். இன்று என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் பார்வையாளரின் ஒலி படத்தின் ஒலியோடு கலப்பது குறித்து நாற்பது பக்கம் எழுதியிருக்கிறேன். அந்த நாற்பது பக்கத்தையும் ஒரு பலகைச் சுவர் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

அண்ணனுக்குப் பதினான்கு வயது. பார்லருக்குப் போய்விட்டு வந்து, படத்தைத் திருநெல்வேலித் தமிழில் எனக்குச் சொல்வான். சாமரிக்கு அவன் மயிரும் நகமும் கூட்டினான், பௌர்ணமியைச் சேர்த்தான், கோரைப்பல் வைத்தான். "மூஞ்சிய நேரா பாத்தேன்னா நீயும் அப்படி ஆயிருவட்டீ" என்பான். பிற்காலத்தில் படத்தைப் பார்த்தபோது எனக்குப் பெருத்த ஏமாற்றம். அண்ணனின் படம் இதைவிட எவ்வளவோ நன்றாக இருந்தது.

1996ஆம் ஆண்டு மழைக்காலம். அடுத்த சந்தில் ஒரு தையல் கூடம் இருந்தது. அதில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் கிழக்கு உத்தரப் பிரதேசத்தினர். அந்த ஆண்டு அவர்களுடைய ஊர்களில், பிரதாப்கர், சுல்தான்பூர், ஜான்பூர் மாவட்டங்களில், குழந்தைகள் இரவில் தூக்கிச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டுக்கொண்டிருந்தார்கள். டஜன் கணக்கில். ஊரிலிருந்து திரும்பியவர்கள், அது ஓநாயன்று, 'மனாய்' என்றார்கள். பாதி மனிதன், பாதி ஓநாய். பகலில் மனிதனாக வந்து வீடு பார்த்துவிட்டுப் போவான். இரவில் ஓநாயாக வருவான். அங்கே அறிமுகமற்றவர்களை ஊரார் அடித்துக் கொன்றதை அன்றைய செய்தித்தாள்கள் எழுதின. எல்லை தாண்டி வந்த பகைநாட்டு ஆட்கள் ஓநாய் வேடம் போட்டிருக்கிறார்கள் என்றுகூட ஒரு வதந்தி. பின்னர் வன உயிர் ஆய்வாளர்களான ஒய்.வி. ஜாலாவும் டி.கே. சர்மாவும் களத்துக்குச் சென்று ஆராய்ந்து 1997இல் எழுதிய கட்டுரை, இது ஓநாயின் செயல்தான், வேறெதுவும் அன்று என்று நிறுவியது. அந்த வட்டாரத்தின் வறுமையில் ஆடுமாடுகளுக்கு இருந்த காவல் குழந்தைகளுக்கு இல்லை என்பது அதில் என்னை உறையவைத்த செய்தி. ஆடு செத்தால் நட்டம் உடனே தெரியும். இதைப் படித்துவிட்டு அன்று வேறு வேலை செய்ய இயலவில்லை.

ஆனால் 1996இல் எங்கள் சந்தில் ஜாலாவின் கட்டுரை யாருக்கும் கிடைத்திருக்கவில்லை. மனாய் கிடைத்திருந்தான். அண்ணனின் சாமரியும் கிடைத்திருந்தான். இருவரும் என் தலைக்குள் ஒருவராகக் கலந்துபோனார்கள்.

மாட்டுங்கா லேபர் கேம்ப் பக்கத்திலிருந்து ஒருவர் எங்கள் சந்துக்கு வருவார். கால் இரண்டிலும் துணிச்சுற்று. கைவிரல்கள் பாதி இல்லை. மூக்கு அமுங்கி, புருவ மயிர் உதிர்ந்திருக்கும். காசு கேட்கமாட்டார். பழைய வேட்டித் துணி கேட்பார், கட்டுப் போட. என் ஆச்சி துணியைக் கிழித்துச் சுருட்டி வைத்திருந்து கொடுப்பாள். கட்டங்காப்பியும் கொடுப்பாள், தனிக் குவளையில். தன் ஊரில் தேநீர்க் கடைக்காரன் தனக்கு எந்தக் குவளையில் ஊற்றினான் என்பதை ஆயுள் முழுக்கச் சொல்லிச் சொல்லிக் குமுறியவள் அவள். அந்தக் குவளையை விட்டு ஓடித்தான் தாராவியின் தோல் பதனிடும் கிடங்குகளுக்கு எங்கள் குடும்பம் வந்தது. அவளே இன்னொருவருக்குத் தனிக் குவளை வைத்திருந்தாள். ஆச்சியைக் குறை சொல்ல எழுதவில்லை. சந்தில் அவருக்கு எதையாவது கொடுத்தவள் அவள் ஒருத்திதான்.

நாங்கள், பிள்ளைகள், அவரைச் சாமரி என்று அழைத்தோம். அந்தப் பெயரை வைத்தவள் நான்.

ஆகஸ்டு மாதம் என்று நினைக்கிறேன். மழை விடாமல் பெய்து, மாலையில் மின்சாரம் போய்விட்டது. எதிர்வீட்டின் மூன்று வயதுப் பையனைக் காணவில்லை. முதலில் அவன் அம்மா மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு நான்கைந்து குரல்கள். பிறகு சந்து முழுவதும் ஆட்கள்; டார்ச் விளக்குகள், ஒரு பெட்ரோமாக்ஸ். நாலாவில் கோல்விட்டுத் தேடினார்கள். யாரோ 'மனாய்' என்றார்கள், யாரென்று தெரியாது. தையல் கூடத்துக்காரர்களா, எங்கள் ஆட்களா? அந்தச் சொல் வந்த பிறகு கூட்டத்தின் ஒலி மாறியது. அதுவரை ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதன்பின் ஒரே குரலாயிற்று.

பையனின் பெரியம்மா என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். "ஏட்டி, நீ வாசல்லதான இருந்த? அந்தக் கட்டுக்கால்க்காரன் வந்தானா? பிள்ளையப் பாத்தானா?"

வந்தார். மதியம் வந்து துணி வாங்கிக்கொண்டு போனார். போகும்போது பையனைப் பார்த்துச் சிரித்தார். நான் கண்டது அவ்வளவே. நான் சொன்னது: "கையப் பிடிச்சிக் கூட்டிட்டுப் போனாரு."

ஏன் சொன்னேன் என்று இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பொய் சொல்கிறோம் என்ற உணர்வு அப்போது எனக்கு இல்லை. அத்தனை பெரியவர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது அதற்கு முன்பும் பின்பும் என் வாழ்வில் நிகழ்ந்ததில்லை. கதையில் அடுத்து வர வேண்டியது எதுவோ அதைச் சொன்னேன். அண்ணன் எனக்கு அப்படித்தான் கதை சொல்லிக்கொடுத்திருந்தான்.

அம்மா என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. பரணில் ஏறிப் படுத்துக்கொண்டு கேட்டேன். சந்தின் திருப்பத்திலிருந்து வந்தது. ஆண்களின் இரைச்சல், ஈரத்தில் கால்கள் ஓடும் சத்தம், அதனிடையே ஒரு மனிதக் குரல் திரும்பத் திரும்ப ஒரே சொல்லை. அது எந்த மொழிச் சொல் என்று தெரியவில்லை. பிறகு அது நின்றுவிட்டது.

பையன் கிடைத்தான். தையல் கூடத்தின் மூலையில், துண்டுத்துணி மூட்டைகளின் நடுவே, கதகதப்பாகத் தூங்கிக்கொண்டிருந்தான். இரவு எட்டு மணி அளவில் கூடத்துத் தொழிலாளி ஒருவரே தோளில் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தார். எல்லாரும் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். தேநீர் கொடுத்தார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை, திட்டக்கூட இல்லை. அந்தத் துணிச்சுற்றுக்காரர் பிறகு எங்கள் சந்துக்கு வரவில்லை. அவர் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது.

சென்ற ஆண்டு இதைப் பற்றி அண்ணனிடம் முதன்முறையாகத் தொலைபேசியில் பேசினேன். அவன் இப்போது நாலாசோப்பாராவில் இருக்கிறான். சற்றுநேரம் அமைதியாக இருந்துவிட்டு, "அப்படி ஒண்ணும் நடக்கலியே. அந்தப் பையன் தொலைஞ்சது நிசம். அடிச்சது கிடிச்சதெல்லாம் நீ பார்லர்ல கேட்ட படச் சத்தம். ரெண்டையும் போட்டுக் கொழப்பிட்ட" என்றான். ஆய்வாளராகச் சொல்கிறேன், இது எளிதில் தள்ளக்கூடிய வாதமன்று. நினைவு அப்படித்தான் வேலை செய்யும். நானே பிறருடைய நேர்காணல்களில் அத்தகைய கலப்புகளைச் சுட்டிக்காட்டி எழுதியிருக்கிறேன். அவன் சொல்வது சரியாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்பினேன். இரண்டு நாள் நிம்மதியாகக்கூட இருந்தேன். மூன்றாம் நாள் பெட்ரோமாக்ஸ் நினைவுக்கு வந்தது. அன்று மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லாமல் வீடியோ பார்லர் ஓடாது.

இதற்கிடையில் என் நெறியாளர் படிக்கச் சொல்லி ஒரு கதையைக் கொடுத்தார். காலனியத் திகில் எழுத்து பற்றிய பின்புல வாசிப்புக்காக. ருட்யார்ட் கிப்ளிங்கின் 'தி மார்க் ஆஃப் தி பீஸ்ட்', 1890. கிப்ளிங் பிறந்தது இதே பம்பாயில், 1865இல். கதையில் குடித்துவிட்டு வரும் வெள்ளைக்காரன் ஒருவன் அனுமன் சிலையின் நெற்றியில் சுருட்டின் கங்கைத் தேய்க்கிறான். கோயிலிலிருந்து முகம் சிதைந்த தொழுநோயாளி ஒருவர் வந்து அவன் மார்பில் தலையை வைத்துவிட்டு விலகுகிறார். வெள்ளைக்காரன் மெல்ல மெல்ல ஓநாயாகிறான். பச்சை இறைச்சி கேட்கிறான், ஊளையிடுகிறான். நண்பர்கள் இருவர் என்ன செய்கிறார்கள்? ஓநாயாகிவிட்டவனைக் கட்டிப்போட்டுவிட்டுத் தொழுநோயாளியை வேட்டையாடுகிறார்கள். பிடித்து, துப்பாக்கிக் குழாயைப் பழுக்கக் காய்ச்சி, சாபத்தை எடுக்கும்வரை சித்திரவதை செய்கிறார்கள். அந்தச் சித்திரவதையை மட்டும் கதைசொல்லி விவரிப்பதில்லை. அது அச்சில் வரத்தக்கதல்ல என்று கடந்துவிடுகிறான். சாபம் நீங்குகிறது. வெள்ளைக்காரன் குளித்துவிட்டு எழுந்து வருகிறான், நடந்தது எதுவும் நினைவில்லாமல்.

கதை வெளிவந்த அதே 1890இல்தான் மாட்டுங்காவில் வீடற்ற தொழுநோயாளர்களுக்கான காப்பகம் திறக்கப்பட்டது. அன்றைய மாநகராட்சி ஆணையர் ஹெச்.ஏ. ஆக்வொர்த்தின் முயற்சி, இன்று வடாலாவில் இருக்கும் ஆக்வொர்த் மருத்துவமனை அதுதான். (இதே ஆக்வொர்த் மராத்திப் பவாடாக்களைத் தொகுத்து ஆங்கிலத்தில் வெளியிட்டவர். இதை மராத்தி நண்பர்களிடம் சொன்னால் மகிழ்வார்கள்.) அதற்கு முந்தைய ஆண்டு மொலக்காய் தீவில் பாதிரியார் தேமியன் தொழுநோயால் இறந்த செய்தி உலகெங்கும் பரவி, நோயைப் பற்றிய இரக்கமும் பீதியும் ஒன்றாக எழுந்திருந்த நேரம். பம்பாய்த் தெருக்களில் இருந்தவர்களை அகற்ற வேண்டும் என்ற கூக்குரலும் அப்போது வலுத்தது. 1898இல் சட்டமே வந்துவிட்டது. பிச்சையெடுக்கும் தொழுநோயாளரைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கலாம். இரக்கம் எங்கே முடிந்து வேட்டை எங்கே தொடங்கியது என்று அந்தக் காலத்து எழுத்துகளைப் படித்து என்னால் பிரித்துச் சொல்ல இயலவில்லை. என் வீட்டிலிருந்து அந்த மருத்துவமனை நடந்து செல்லும் தொலைவுதான். இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட அந்தப் பக்கம் நான் திரும்பியதில்லை என்பது கிப்ளிங்கைப் படித்த அன்று உறைத்தது. வழக்கமாக 1961ஆம் ஆண்டுப் படத்தின் நிலவறைக் காட்சியை வகுப்பில் விளக்கும்போது நான் பயன்படுத்தும் கலைச்சொற்கள் எல்லாம் அன்றோடு எனக்குக் கசந்துவிட்டன.

பாலக்காட்டிலிருந்து வந்து எங்கள் துறையில் படிக்கும் தோழி ஒருத்திக்கு இதில் ஒரு பகுதியைச் சொன்னேன். அவள் ஒடியனைப் பற்றிப் பேசினாள். 2018இல் மோகன்லால் நடித்து வந்ததே, அந்த ஒடியன். அது பெருமுதலீட்டுப் படம், என் ஆய்வு எல்லைக்கு வெளியே. ஆனால் கதை பழையது. இருட்டில் காளையாகவும் நாயாகவும் உருமாறி வந்து ஆளைக் கொல்லும் மந்திரவாதிகள் என்று மலபாரில் பறையர் சாதியினரைப் பற்றிச் சொல்லப்பட்ட கதைகளை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தம் தொகுதிகளில் பதிவுசெய்திருக்கிறார். பகலில் பாதையில் எதிரே வரக்கூடாது என்று விலக்கப்பட்டவர்கள், இரவில் பாதையில் எதிரே வந்தால் விலங்கு என்று நம்பப்பட்டார்கள். தோழி அந்தச் சாதிப் பெயரைச் சொல்லிவிட்டு, என் குடும்பம் திருநெல்வேலியில் என்னவாக இருந்தது என்று நினைவுக்கு வர, பேச்சை நிறுத்திவிட்டாள். நான் அவளைத் தொடரச் சொன்னேன். என்னுடைய முன்னோரை எவரோ இருட்டில் ஓநாயாகப் பார்த்திருக்கிறார்கள் என்ற செய்தி எனக்குத் தரவேண்டிய கோபத்தைத் தரவில்லை. நான் கைகாட்டியவர் நினைவுக்கு வந்துவிட்டார்.

இவையெல்லாம் பழங்கதை என்று யாரும் எழுதிவிட வேண்டாம். 2018 ஜூலை 1 அன்று இதே மகாராஷ்டிரத்தின் துளே மாவட்டம் ராயின்பாடாவில், பிச்சை கேட்டு வந்த நாடோடிச் சமூகத்தவர் ஐவர் பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வதந்தியால் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பு திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்ற வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த மூதாட்டிக்கும் அதே முடிவு. 2024இல் பஹ்ராய்ச்சில் மீண்டும் ஓநாய்கள் குழந்தைகளைத் தாக்கின. வனத்துறை ஐந்தைப் பிடித்தது, ஆறாவதை ஊரார் கொன்றார்கள். அந்தச் செய்தி தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தபோது செம்பூரில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் காவலாளி, அவரும் அந்தப் பக்கத்துக்காரர், என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "மேடம், அது நிஜமாகவே ஓநாய்தானா?" ஓநாய்தான் என்று நான் உரத்த குரலில் சொன்னேன். தேவையில்லாத அளவுக்கு உரத்து.

திரையிடலுக்குப் பிறகு நடந்த கலந்துரையாடலில், நான் ஓரமாக உட்கார்ந்திருந்தபோது, ஒரு மாணவி கேட்டாள்: "அந்த நாய் என்ன ஆனது?" படத்தில் சிறுவன் லியோன் முதன்முறை ஓநாயாகி ஆடுகளைக் கடித்துக் கொல்லும்போது, பழி ஆட்டுக்காரனின் நாய்மீது விழுகிறது. பிறகு கதை லியோன் பக்கம் திரும்பிவிடுகிறது. உடனாய்வாளர் அதைத் திரைக்கதையின் ஒரு சிறு உத்தி என்று விளக்கினார். விளக்கம் சரியானதுதான்.

ஆய்வேட்டின் முறையியல் இயலில் ஆய்வாளர் தம் இருப்பிடத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது விதி. நான் தாராவியைச் சேர்ந்தவள், பெண், ஆதிதிராவிடக் குடும்பத்தவள், பார்லருக்குள் நுழைய அனுமதிக்கப்படாதவள் என்று எழுதி, அதனால் எனக்குக் கிடைத்த தனிப் பார்வையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். நெறியாளருக்கு மிகவும் பிடித்திருந்தது. இப்போது அதில் 1996ஆம் ஆண்டு மாலையையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். அவர் ஓரத்தில் பென்சிலால் குறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்: உறுதிப்படுத்த வேறு சாட்சி உண்டா?

ஆகவே கேட்கிறேன். 1996 மழைக்காலத்தில் தொண்ணூறடிச் சாலையை ஒட்டிய சந்துகளிலோ மாட்டுங்கா லேபர் கேம்ப் பக்கத்திலோ குடியிருந்தவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள், இதைப் படிக்கக்கூடும். இரு கால்களிலும் துணி சுற்றியிருந்த, பழைய வேட்டித் துணி கேட்டு வந்த ஒருவரை நினைவிருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். அவர் பெயர் தெரிந்தால் அதை முதலில் எழுதுங்கள். வரும் வாரம் வடாலாவுக்குப் போகிறேன். பழைய நோயாளர் பதிவேடுகளைப் பார்க்க அனுமதி கிடைக்குமா என்று கேட்கப் போகிறேன். பெயர் இல்லாமல் எந்தப் பக்கத்திலிருந்து தேடத் தொடங்குவது என்பது தெரியவில்லை.